படிக்கட்டு, வாசல், நடை விளக்குகள்: எது மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. செங்கோட்டை, கம்பம் பக்கம் சாரல் பிடித்தால் சுவர் காயவே நாளாகும். குளச்சல், முட்டம் கரையில் மழை இல்லாத நாளிலும் உப்புக் காற்று உண்டு. படுக்கையறை விளக்கு பத்து வருஷம் பேசாமல் எரியும். சிட்-அவுட் (வாசல் திண்ணை), கேட், மாடிப்படி விளக்குகள்தான் அடிக்கடி ஆளைக் கூப்பிட வைக்கும். இவற்றுக்குப் போகும் வயர் நீளம். பாதி வெளிச்சுவரில் ஓடும். ஒரே விளக்குக்கு ரெண்டு இடத்தில் சுவிட்ச்.

முதல் சோதனை எப்போதும் பல்புதான், மலிவு என்பதால். வேறு அறையில் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் பல்பைக் கழற்றி இங்கே போடுங்கள். கடையில் வாங்கிய புதுப் பல்பே செத்துப் பிறந்ததாக இருக்கலாம், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. அங்கே எரிந்த பல்பும் இங்கே எரியவில்லை என்றால் கோளாறு வயரிலோ ஹோல்டரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. மூன்றாவது பல்பு வாங்கப் போகாதீர்கள்.

## கை வைப்பதற்கு முன்

நியான் டெஸ்டர், மல்டிமீட்டர், இன்சுலேஷன் உள்ள ஸ்குரூ டிரைவர், டார்ச், காய்ந்த மர ஏணி அல்லது ஃபைபர் ஏணி. அலுமினிய ஏணி இந்த வேலைக்கு வேண்டாம்.

சுவிட்சை அணைத்தால் போதாது, டி.பி. பாக்ஸில் (வீட்டு மெயின் சுவிட்சுகள் உள்ள பெட்டி) எம்.சி.பி.யை (கோளாறு வந்தால் தானே இறங்கும் சின்னச் சுவிட்ச்) இறக்க வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். மறுபடி பிளக்கில் வைத்து உறுதி செய்யுங்கள். டெஸ்டர் பழுதாகி, "கரண்ட் இல்லை" என்று காட்டியதை நம்பித்தான் பல பேர் ஷாக் வாங்குகிறார்கள்.

மாடியைத் தனி மீட்டர் போட்டு வாடகைக்கு விட்ட வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. படி விளக்கின் கீழ் சுவிட்ச் உங்கள் சுவரில் இருந்தாலும் அதற்கு வரும் கரண்ட் மேல் வீட்டு மீட்டரிலிருந்து வரலாம். கீழே மெயினை இறக்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் வயர் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும் இதே கதை: ஈ.பி. மெயின் இறங்கியிருக்கும், இன்வெர்ட்டர் பின்வழியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். படி விளக்கில் கை வைக்கும் முன் ரெண்டு தளத்து மெயினையும் இன்வெர்ட்டரையும் சேர்த்தே அணையுங்கள்.

## படி விளக்கு: ஒரு சுவிட்ச் கேட்கிறது, இன்னொன்று கேட்கவில்லை

ஸ்குரூவைத் தொடும் முன் ஒரு கணக்கு. கீழே ஒரு டூ-வே சுவிட்ச் (ஒரே விளக்கை ரெண்டு இடத்திலிருந்து போட, அணைக்க உதவுவது), மேலே ஒரு டூ-வே சுவிட்ச். ரெண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் மொத்தம் நாலு நிலை வரும். ஒழுங்கான இணைப்பில் அந்த நாலில் ரெண்டு நிலையில் விளக்கு எரியும், எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் நிலை மாறும். இப்போது உங்கள் வீட்டில் எத்தனை நிலையில் எரிகிறது என்று எண்ணுங்கள்.

### நாலில் ஒன்றில் மட்டும் எரிகிறது

சமீபத்தில் யாராவது சுவிட்சை மாற்றினார்களா? மாற்றியிருந்தால் ரெண்டில் ஒன்று நடந்திருக்கும். டூ-வே இருந்த இடத்தில் சாதாரண ஒன்-வே சுவிட்சைப் போட்டிருப்பார்கள்; முன்பக்கம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், பின்பக்கம் டூ-வேக்கு மூன்று முனை, ஒன்-வேக்கு ரெண்டு முனை. அல்லது டூ-வேதான் போட்டிருப்பார்கள், காமன் முனைக்கு (தட்டத் தட்ட மற்ற ரெண்டு முனையோடும் மாறி மாறிச் சேரும் முனை) போக வேண்டிய வயரைப் பக்க முனையில் சொருகியிருப்பார்கள். பெரும்பாலான மாடுலர் சுவிட்சில் காமன் நடு முனை. ஆனாலும் பின்னால் அச்சடித்த குறியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கீழ் சுவிட்சின் காமனில் டி.பி.யிலிருந்து வரும் பேஸ் (கரண்ட் கொண்டுவரும் வயர்). மேல் சுவிட்சின் காமனில் விளக்குக்குப் போகும் வயர். மீதி ரெண்டு வயரும் ரெண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடுபவை, அவை தமக்குள் இடம் மாறினால் பாதகமில்லை. காமன் மட்டும் மாறவே கூடாது.

யாரும் கை வைக்காமலே இப்படி ஆகியிருந்தால், நடுவே ஓடும் ரெண்டு வயரில் ஒன்று எங்கோ விட்டிருக்கிறது. முதலில் ரெண்டு சுவிட்சிலும் முனை ஸ்குரூக்களை இறுக்குங்கள். அடுத்து, சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு பாருங்கள். சித்தெறும்பு சுவிட்சுக்குள் புகுந்து காண்டாக்டில் நசுங்கிக் கரியாகி ஒரு பக்கத் தொடர்பை அடைத்துவிடும். மழை தொடங்கும் மாதங்களில் இது சர்வ சாதாரணம். சுவிட்சை மாற்றினால் சரியாகும். புதுசு போடுவதற்கு முன் பைப் வாயைக் கொஞ்சம் புட்டிப் பசை வைத்து அடைக்காவிட்டால் எறும்பு திரும்பி வரும். சுவிட்ச் ரெண்டும் நல்லது என்றால் வயர் பைப்புக்குள் அறுந்திருக்கிறது; அது வயர் இழுக்கும் வேலை, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

### நாலில் ரெண்டில் எரிகிறது, ஆனால் ஒரு சுவிட்ச் சும்மா ஆடுகிறது

ஒன்று, அந்தச் சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் ஒரு பக்கமாக உருகி ஒட்டியிருக்கும். அல்லது அந்தப் பக்கம் டூ-வே கிடைக்கவில்லை என்று யாரோ நடுவே ஓடும் ரெண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி ஒன்-வேயில் சொருகியிருப்பார்கள். அப்படி முறுக்கிய பக்கத்துச் சுவிட்ச் கேட்கும், எதிர்ப்பக்கம் இருப்பது சும்மா ஆடும். ஆகவே ரெண்டு பெட்டியையும் திறந்து பாருங்கள். செலவு ஒரு டூ-வே சுவிட்ச்.

### நாலிலும் எரிகிறது, அணையவே இல்லை

நடுவே ஓடும் ரெண்டு வயரும் எங்கோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கைப்பிடிக் கம்பிக்கோ படம் மாட்டவோ சமீபத்தில் சுவரில் துளை போட்டார்களா என்று கேளுங்கள். ஆணி வயரின் தோலைக் கிழித்திருக்கலாம். இதற்கு நீங்களாக ஒன்றும் செய்ய வேண்டாம்: எம்.சி.பி.யை இறக்கி, வயர்மேன் வரும்வரை அப்படியே விடுங்கள்.

### ஒன்றிலும் எரியவில்லை

பல்பு, ஹோல்டர், எம்.சி.பி., பேஸ், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) என்ற வரிசையில் பாருங்கள். பின் (pin) வகை ஹோல்டரில் ரெண்டு பின்னும் ஸ்பிரிங்கில் எழும்பி நிற்க வேண்டும். ஒன்று உள்ளே அமுங்கிக் கிடந்தால் அதுதான் காரணம். ஹோல்டரை மாற்றுங்கள், கரண்ட் இருக்கும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம்.

### மூன்று தளம், நடுத் தளத்துச் சுவிட்ச் போட்டதும் குழப்பம்

நடுவில் இருக்க வேண்டியது நாலு முனை உள்ள இன்டர்மீடியட் சுவிட்ச். சின்ன ஊர்க் கடையில் எப்போதும் இருக்காது. "இதுவும் அதேதான்" என்று டூ-வே கொடுத்தால் வாங்காதீர்கள். நாகர்கோவில் வரை போய் வந்தாலும் பரவாயில்லை.

### திறந்ததும் மூடிவிட வேண்டிய பெட்டி

பழைய வீடுகளில் சில இடத்தில் வயர் மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு டூ-வே சுவிட்சுக்கும் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள். ஒரே சுவிட்சின் ஒரு பக்க முனையில் பேஸ், எதிர்ப்பக்க முனையில் நியூட்ரல் என்று கண்டால் அது இந்த வகை. விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் ரெண்டு பின்னிலும் பேஸ் நிற்கக்கூடும். அதோடு கீழ்த் தளம் ஒரு பேஸ், மேல் தளம் இன்னொரு பேஸ் என்று பிரித்திருந்தால் ஹோல்டரின் ரெண்டு பின்னுக்கும் நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் வந்துவிடும். இதைப் பழுது பார்க்கக் கூடாது, முழுவதும் புதிதாக இழுக்க வேண்டும்.

## அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது, அல்லது மினுக் மினுக் என்கிறது

குண்டு பல்பு காலத்தில் இந்தத் தொல்லை தெரியாமலே இருந்தது. எல்.இ.டி.க்குத் துளி கரண்ட் கசிந்தாலே போதும், எரியும்.

சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா? அந்த இண்டிகேட்டர் வழியாகத்தான் கசிகிறது. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போடுங்கள்.

இண்டிகேட்டர் இல்லை என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வையுங்கள். ஒரு பின்னில் பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் பேஸில் இல்லை, நியூட்ரலில் இருக்கிறது. விளக்கு அணைந்தாலும் ஹோல்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பல்பு மாற்ற ஏணியில் ஏறுபவருக்கு ஆபத்து. டி.பி.யில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிச் சொருகப்பட்டிருக்கும். மாற்றித் தர வயர்மேனைக் கூப்பிடுங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

டெஸ்டர் மிக மங்கலாக மட்டும் எரிந்தால், நீளமான டூ-வே வயர்கள் ஒரே பைப்பில் நெருங்கி ஓடுவதால் வரும் தூண்டல். ஆபத்தில்லை, எரிச்சல்தான். வேறு கம்பெனி பல்பு போட்டாலே பல வீட்டில் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஹோல்டருக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்-2 வகை (மெயின் கரண்டில் நேரே மாட்டத் தகுந்த) கப்பாசிட்டர் ஒன்றை வயர்மேன் மாட்டித் தருவார். சாதாரணக் கப்பாசிட்டர் இதற்கு ஆகாது.

மழைக்காலத்தில் மட்டும் மங்கல் எரிகிறது, வெயில் வந்தால் நின்றுவிடுகிறது என்றால் கசிவது ஈரம் வழியாக. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## மழை வந்தால் ஆர்.சி.சி.பி. இறங்கிவிடுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் தானே இறங்கி இணைப்பைத் துண்டிக்கும் கருவி. இந்த வட்டாரத்தில் அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். இதற்கு ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்து "சரி பண்ணிக் கொடுக்கிற" ஆட்களும் இருக்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் இறங்குவதற்காகத்தான் அதை வாங்கி மாட்டியிருக்கிறோம். அது இறங்குகிறது என்றால் ஈரத்தில் நிற்கும் ஒரு கம்பி, ஒரு கேட், ஒரு சுவர் கரண்டைத் தாங்கி நிற்கிறது. பைபாஸ் செய்த ஆளைத் திரும்ப வீட்டுக்குள் விடாதீர்கள்.

எந்த சர்க்யூட் என்று கண்டுபிடிக்க: எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது இறங்குகிறதோ அதுதான் ஆள். எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் ஏதோ ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். நியூட்ரல் பாரிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது வயர்மேன் வேலை.

வெளி விளக்கு சர்க்யூட் மாட்டிக்கொண்டதா? இப்போது கேட், சிட்-அவுட், படி விளக்குச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த எம்.சி.பி.யை ஏற்றுங்கள்.

### சுவிட்ச் போட்டால்தான் இறங்குகிறது

தண்ணீர் விளக்குக் கூட்டுக்குள். எம்.சி.பி.யை இறக்கி மூடியைக் கழற்றுங்கள். முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது பழைய ஈரம். உள்ளே தேங்கி நின்றால் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்; முன்பக்கக் கண்ணாடி வழியாக வருவதைவிடச் சுவரோடு ஒட்டும் பின்பக்கம் வழியாக வருவதே அதிகம். மாடித் தரையில் நிற்கும் தண்ணீர் கன்சீல்டு பைப்புக்குள் (சுவருக்குள் புதைத்த பைப்) இறங்கி, பைப் முடியும் இடமான விளக்குக்குள் சொட்டும். அப்படியானால் எத்தனை விலைக்கு ஐ.பி. 65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத ரக) விளக்கு வாங்கினாலும் நிரம்பும். பைப்பின் மேல் வாயை அடைக்க வேண்டும்.

விளக்கின் சுற்றில் சிலிகான் பூசும்போது மேல் பக்கமும் ரெண்டு ஓரமும் மட்டும் பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே வந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் பூசி அடைத்தால் விளக்கு தொட்டியாகிவிடும். வயர் வெளியிலிருந்து நுழைந்தால் அடியிலிருந்து நுழையட்டும், நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நுழையும் துளைக்குக் கேபிள் கிளாண்டு (வயரை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் மூடி) போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் வெளியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பசை இளகி வழுக்கிக் கழன்றுவிடும். மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் கனெக்டர் போட்டு இணையுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஒரு கூடுதல் வேலை. சாதா இரும்பு ஸ்குரூ துருப்பிடித்துத் தலை உடையும், பிறகு மூடியைத் திறக்கவே முடியாது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 304 அல்லது பித்தளை. விளக்குக் கூடு அலுமினியத்தைவிடப் பாலிகார்பனேட் நல்லது. அலுமினியம் பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்.

### சுவிட்ச் அணைந்திருந்தும் இறங்குகிறது

ஈரம் வயரிலேயே. கேட் தூணுக்கு முற்றத்தடியில் பைப் போட்டு, அதில் சாதாரண வீட்டு வயரை ஓட்டியிருப்பார்கள். நடுவில் மண்ணுக்குள் ஒரு ஜாயிண்டும் இருக்கும். மழையில் அந்தப் பைப் நிரம்பிக் கிடக்கும். தற்காலிகமாக, டி.பி.யில் கேட் விளக்கின் பேஸ், நியூட்ரல் ரெண்டையும் கழற்றச் சொல்லுங்கள், மற்ற விளக்குகள் உடனே எரியும். பிறகு மழை விட்டதும் மண்ணடிக்குரிய கேபிளை ஜாயிண்ட் இல்லாமல் ஒரே துண்டாக இழுக்க வேண்டும்.

வயரை மாற்றுவதற்கு முன் 500 வோல்ட் மெகரால் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) அளந்து பார்க்கும் ஆளாகத் தேடுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயர் போனது. அளக்கும் முன் எல்.இ.டி. விளக்கு, சென்சார் எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெகரே அவற்றைக் கொன்றுவிடும்.

### மழையே இல்லை, படி விளக்கைப் போட்டதும் இறங்குகிறது

ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விளக்குக்குப் பேஸ் கீழ்த் தளத்திலிருந்தும் நியூட்ரல் மேல் தளத்திலிருந்தும் வருகிறது. கீழ் ஆர்.சி.சி.பி. வழியாகப் போன கரண்ட் அதன் வழியாகத் திரும்பவில்லை, ஆகவே கசிவு என்று நினைத்து இறங்குகிறது. உறுதி செய்ய: மேல் தளத்து ஆர்.சி.சி.பி.யை இறக்கிவிட்டுக் கீழ்த் தளத்தை மட்டும் ஏற்றி, படி விளக்கைப் போடுங்கள். எரியாமலும், இறங்காமலும் இருந்தால் நியூட்ரல் மேலிருந்துதான் வருகிறது. ஆர்.சி.சி.பி. புதிதாகப் போட்ட வாரத்தில் இந்தப் புகார் வரும். கருவி கெட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். பேஸ் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே நியூட்ரலும் இழுக்கச் சொல்லுங்கள். படிக்கட்டு உயரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் ஒரு துண்டு, அவ்வளவுதான் செலவு.

## பல்பு மூணு மாசத்துக்கு ஒன்று போகிறது

ஹோல்டர் பின்னில் கருப்புப் புள்ளி இருந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். தளர்ந்த பின் பொறி பறக்க வைத்துப் பல்பின் டிரைவரை (உள்ளே இருக்கும் மின்சுற்று) தின்றுவிடும்.

சிட்-அவுட்டில் அழகுக்காக மாட்டிய மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் 12 வாட் பல்பு இருக்கிறதா? சூடு வெளியேற வழியில்லாமல் டிரைவர் கப்பாசிட்டர் காய்ந்துவிடும். 5 வாட்டுக்கு இறங்குங்கள், வெளிச்சம் போதாவிட்டால் இன்னொரு விளக்கு போடுங்கள். பல்புக்கு உத்தரவாதம் இருந்தால் பெட்டியையும் பில்லையும் வைத்திருங்கள். பல பேர் இதை மறந்து காசைக் குப்பையில் போடுகிறார்கள்.

ஹோல்டரும் சரி, கூடும் சரி என்றால் இரவு 11 மணிக்கு மேல் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் ஊர் உறங்கியதும் வோல்டேஜ் ஏறும். 250-ஐத் தாண்டி நிலையாக நின்றால் ஈ.பி.க்குப் புகார் எழுத வேண்டிய விஷயம்.

கோடை மழைக்கும் ஐப்பசி இடிக்கும் பிறகு ஒரே நாளில் மூன்று நாலு விளக்கு சேர்ந்து போனால் அது மின்னல். டி.பி.யில் டைப் 2 சர்ஜ் பாதுகாப்புக் கருவி போடலாம். ஆனால் எர்த் குழி சரியில்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம். எர்த்தை அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

## சென்சார் விளக்கு சொன்னபடி கேட்பதில்லை

ஆள் வந்தும் எரியவில்லை. பகலில் சோதிக்கிறீர்களா? லக்ஸ் திருகு (எத்தனை இருட்டில் எரிய வேண்டும் என்று வைப்பது) நிலாப் படத்தின் பக்கம் இருந்தால் இருட்டினால்தான் எரியும். கரண்ட் வந்த முதல் ஒரு நிமிஷம் சென்சார் தயாராவதற்கு எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் சரி என்றால் திசையைப் பாருங்கள்: பி.ஐ.ஆர். (உடல் சூட்டை உணரும்) வகை, தனக்குக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், நேரே நடந்து வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டைப் பார்த்தபடி மாட்டியதைப் பக்கச் சுவரில், 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாற்றி மாட்டுங்கள். சித்திரை வெயில் இரவில் சுவரும் ஆளும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும்போது எட்டும் தூரம் குறைவது இயல்பு.

யாரும் இல்லாமலே எரிகிறது. லென்ஸ் மேல் சிலந்தி வலை, பல்லி. அடுத்து, வாழை இலை, துணி காயும் கொடி, ஏ.சி. வெளிப்பெட்டியின் சூட்டுக் காற்று. மைக்ரோவேவ் வகை என்றால் கண்ணாடிக்கும் மரக் கதவுக்கும் அப்பால் நடப்பவரையும் பிடிக்கும். சென்ஸ் திருகைக் குறையுங்கள்.

எரிந்து அணைந்து எரிந்து அணைந்து ஆடுகிறது. விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் விழுகிறது. ரெண்டையும் அரை மீட்டராவது தள்ளுங்கள். ரெண்டே வயரில் சுவிட்ச் பெட்டிக்குள் பொருந்தும் சென்சாரில் சின்ன எல்.இ.டி. போட்டாலும் இப்படி ஆடும். நியூட்ரலும் சேர்ந்த மூன்று வயர் சென்சார் வாங்குங்கள்.

## படி ஓரத்து ஸ்ட்ரிப் லைட் கடைசிப் படிகளில் மங்குகிறது

12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டரைத் தாண்டினால் வால் பக்கம் மங்கும். மறுமுனைக்கும் அதே அடாப்டரிலிருந்து வயர் கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு மாறுங்கள். முழுதும் மங்கி, அடாப்டர் கொதித்தால் அடாப்டர் சின்னது. மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். 100 வாட், அதாவது சுமார் 8.3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். மூன்று எல்.இ.டி. மட்டும் வரிசையாகச் செத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டு குறியில் வெட்டி மாற்றிவிடலாம். பசை ஈரத்தில் நிற்காது, அலுமினியச் சட்டத்தில் பொருத்தி ஸ்குரூ போடுங்கள்.

## எல்லாம் எரிகிறது, ஆனால் படி தெரியவில்லை

இது பழுது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வயதானவர்கள் விழுவது இங்கேதான். வாட் கூட்டினால் தீரும் என்று நினைக்காதீர்கள், இடம் மாற்ற வேண்டும்.

இறங்கும்போது முன்னால் சொந்த நிழல் விழுந்து படியை மறைத்தால் விளக்கு முதுகுக்குப் பின்னால் மேல் தளத்தில் மட்டும் இருக்கிறது. படி திரும்பும் மேடையில் சுவரில் 7 அடி உயரத்தில் ஒன்று போட்டால் மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டுக்கும் எட்டும். இறங்கும்போது அந்தப் பல்பு நேரே கண்ணில் அடிக்கிறதா? பால் வெள்ளை மூடி போடுங்கள்.

ஃபுட் லைட் போடுவதானால் பக்கச் சுவரில், படியிலிருந்து 15 முதல் 30 செ.மீ. உயரத்தில், ரெண்டு மூன்று படிக்கு ஒன்று, 1 அல்லது 2 வாட் போதும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் கட்டாயம் ஒன்று வேண்டும். இன்னொரு படி இருக்கிறது என்றோ முடிந்துவிட்டது என்றோ தப்பாக நினைத்துத்தான் கால் தடுமாறும். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட் படி எத்தனை வெளிச்சத்தையும் விழுங்கும், மிச்சத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். விளிம்பில் இளநிறப் பட்டை ஒட்டாமல் அதற்கு வேறு வழி கிடையாது.

வாசலில் பூட்டுத் துளை தெரியவில்லை என்றால் விளக்கு உங்கள் பின்னால் இருக்கிறது. கதவின் பூட்டுப் பக்கச் சுவரில் ஆறடி உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த வெளிச்சம் செருப்பு கழற்றும் இடம் வரைக்கும் எட்ட வேண்டும். ரப்பர் தோட்டத்து ஓர வீடுகளில் மழைநாளில் செருப்புக்குள்ளும் அதன் பக்கத்திலும் என்ன சுருண்டு கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீள நடையில் நடுவில் ஒரு 20 வாட் டியூபைவிட, 6 வாட் விளக்கு ஏழெட்டு அடிக்கு ஒன்று போட்டால் மூலை இருட்டாது.

## முதல் மழைக்கு ஈசல் குவிகிறது

6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) வெள்ளை விளக்கை 3000 அல்லது அதற்குக் கீழே மாற்றுங்கள். பூச்சி வருவது குறையும், முற்றிலும் நிற்காது. ஈசல் பறக்கும் அந்த ஒரு மணி நேரம் சிட்-அவுட் விளக்கை அணைத்து, கேட் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் கூட்டம் அங்கே போய்விடும்.

## ஒரு விளக்கு பளிச்சென்று ஏறுகிறது, இன்னொன்று மங்குகிறது

படி விளக்கில்தான் முதலில் கண்ணில் படும், ஆனால் கோளாறு படி விளக்கில் இல்லை. மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழே வெளிச்சம் கண் கூசுகிறது, மேலே மினுக்குகிறது, ஃபிரிட்ஜ் சத்தம் மாறுகிறது என்றால் வரும் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. ஒருமுனை இணைப்பில் எல்லாம் அணைந்து, பிளக்கின் பேஸ், நியூட்ரல் ரெண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் அறுந்தே விட்டது. காற்றில் மரக்கிளை சர்வீஸ் வயரில் விழுந்த இரவுகளில் பாருங்கள்.

அளந்து பார்க்கிறேன் என்று நிற்காதீர்கள், உடனே மெயினை இறக்குங்கள். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ள வயரும் மின்வாரியத்துடையவை, உங்கள் வயர்மேனும் தொடக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) 94987 94987. கேரளப் பக்கம் 1912. மின் இணைப்பு எண்ணையும் வீட்டுக்கு முன்னால் உள்ள கம்பத்தின் எண்ணையும் முன்கூட்டியே டி.பி. கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டி வைத்திருங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது. சரி செய்துவிட்டுப் போன பிறகு ஃபிரிட்ஜ், டி.வி. பிளக்குகளை உருவிவிட்டு மெயினை ஏற்றி, ஒவ்வொரு தளத்திலும் 230 பக்கத்தில் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அவற்றைத் திரும்பச் சொருகுங்கள்.